இருபத்து நான்காவது ஆள்

வேலை முடிந்து அலுப்போடு காலை நீட்டினேன். மகள் கணக்கை உரக்கப் போட்டாள்: "இருபத்து மூன்று. இரண்டால் வகுத்தால் ஒன்று மிச்சம், மூன்றால் வகுத்தால் இரண்டு..."

மலேசியாவில், கோலா சாவா ரப்பர் தோட்டத்தில், விடியலில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களம் நினைவில் விரிந்தது. நான் ஐந்தாம் ஆண்டு படித்த வருடம், ஒரு திங்கட்கிழமை விடியல். புல் வெட்ட இருபத்து மூன்று பெண்கள். ரப்பர் பால் நாற்றம், கொசுவர்த்திப் புகை.

"ரெண்டு ரெண்டா நில்லுங்க," என்றார் வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர். என் அம்மா அஞ்சலை மிஞ்சினாள். "மூணு மூணா?" இருவர் மிஞ்சினார்கள்.

"எப்படிப் பிரிச்சாலும் மிஞ்சுதே லா! அஞ்சலை, நீ தனியா சதுப்புப் பக்கம் போ."

அங்கேதான் போன வாரம் காட்டுப்பன்றி ஒருத்தியைக் குத்தியிருந்தது. தேத்தண்ணி கொண்டுவந்து சீருடையில் நின்ற என்னை அம்மா பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப ஜோடி சரியாப் போச்சு, மண்டோரே."

"இன்னைக்கு மட்டும்தானேம்மா?" என்றேன். அம்மா ஒரு புல்வெட்டும் கத்தியை என் கையில் கொடுத்தாள். அதன்பின் நான் பள்ளிக்குப் போகவேயில்லை.

"அம்மா, இது பகா எண்தானே?" என்றாள் மகள்.

"ஆமாடி. சீக்கிரம் படு, காலையில ஸ்கூல் பஸ்ஸ விட்டுடாத."