வாசலுக்கு நேராக ஒரு பலாமரம்

போன வாரம் மலையேறி வந்த மனையடி சாஸ்திரக்காரர், எங்கள் வாசலைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"வாசலுக்கு நேரா பலாமரம் நிக்குதுங்க. ஊட்டுக்கு ஆகாது. மரத்த வெட்டுங்க, இல்லீனா வாசல மாத்துங்க."

அந்த மரத்தில்தான் எங்கள் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. வேறு வழியில்லாமல் சுவரை இடித்து, கிழக்குப் பக்கம் வாசல் வைத்தோம்.

இன்று காலை கிழக்கு வீட்டு அக்கா வந்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, உங்க புது வாசல் எங்க வாசலக் குத்துதுங்க. எங்க ஊட்டுக்காரருக்குக் காய்ச்சலே வந்திருச்சு."

சாஸ்திரக்காரர் இன்னும் மலையிறங்காமல் பக்கத்து ஊரான வளப்பூரில்தான் இருந்தார். கூட்டி வந்தோம். இரண்டு வாசலையும் வெகுநேரம் பார்த்தார்.

"நடுவுல ஒரு பலாக்கன்னு நட்டுட்டா சரியாப் போயிருமுங்க."

குழி தோண்டிவிட்டேன். நல்ல கன்று யாரிடமாவது இருக்கிறதா?