சமையல்கட்டு ஜன்னலுக்கு ஐந்தடி

கடலூரில் நிருபராக இருந்த காலத்தில் நகராட்சிக் கூட்டங்களில் உட்கார்ந்து கட்டட விதிகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே எத்தனை அடி விட வேண்டும், யார் விடவில்லை, யாருக்கு நோட்டீஸ் போனது. எல்லாம் இரண்டு பத்திச் செய்திகள்.

சிதம்பரத்தில் எங்கள் வீடு அந்த விதிப்படி கட்டியது. அப்பா மதிலிலிருந்து ஐந்தடி விட்டார். அடுத்த வீட்டுக்காரரும் ஐந்தடி விட்டார். நடுவே இடுப்பளவு மதில். இரண்டு வீட்டுச் சமையல்கட்டு ஜன்னல்களும் எதிரெதிரே இருந்தன. தாளிக்கிற வாசனை வந்ததும் அம்மா குரல் கொடுப்பாள்: "என்னா, இன்னிக்கும் சுண்டவத்தலா?"

"உன் மூக்க மொதல்ல அறுக்கணும்" என்று அடுத்த வீட்டு அத்தையின் பதில் வரும். நான் பள்ளிக்கூடம் கிளம்பியது இந்தச் சத்தத்தில்தான். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் அந்தச் சந்து வழியாகப் பின்பக்கம் ஓடி வடிந்துவிடும். காலை வெயில் பத்து மணிவரை அம்மாவின் அடுப்பு மேடையில் கிடக்கும்.

அத்தை போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. சென்ற தை மாதம் அவர் மகன் சிங்கப்பூரிலிருந்து திரும்பிவந்து பழைய வீட்டை இடித்தார். இரண்டு மாடி கட்டப்போகிறார். மேஸ்திரி போட்ட சுண்ணாம்புக் கோட்டை டேப் வைத்து அளந்தேன். மதிலிலிருந்து இரண்டடி. அந்த உயரத்துக்குச் சுவர் வந்தால் அம்மாவின் ஜன்னலில் வெளிச்சம் விழாது. நகராட்சிக்கு மனு எழுதி வைத்துக்கொண்டு, முதலில் அவரிடமே கேட்டேன்.

"செட்பேக் அஞ்சடி விடணும் மச்சான். பிளான்ல அப்படித்தான இருக்கு?"

"பிளான்ல இருக்கு. வாடகைக்கு விடப்போறேன், ரூம் சின்னதாப் போவுது" என்றார். பிறகு கையை நீட்டிக் காட்டினார். "அது சரி மச்சான், உங்க பாத்ரூம் எங்க நிக்கிது?"

மதிலை ஒட்டித்தான் நின்றது. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தபோது, அவள் அறையிலிருந்து நாலு எட்டில் போய்வர, அந்த ஐந்தடிக்குள் நான்தான் கட்டினேன். அனுமதி வாங்கவில்லை.

வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அத இடிச்சிடு."

"அப்புறம் எங்கம்மா போவ?"

"கொல்லப்பக்கம் ஒண்ணு இருக்குல்ல? புடிச்சிக்கினு நடக்குறேன். இருட்டுல ஒக்காந்து கீர ஆயச் சொல்றியா?"

மறுவாரம் ஆள் வைத்து இடித்தேன். கூரை ஷீட்டைக் கழற்றும்போது அவர் மதிலோரம் வந்து நின்றார்.

"நெசமாவே இடிக்கிறீங்களா மச்சான்? நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நீங்க சொன்னது சரிதான். இது முடிஞ்சதும் மனுவக் குடுக்கலாம்னு இருக்கேன்."

"மனு வரைக்கும் போயிட்டீங்களா!" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. இடிந்த சுவருக்கு அப்பால் அம்மா கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கை சுவரில். ஒவ்வொரு எட்டுக்கும் நின்று நடந்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார். "யோவ், அந்தக் கோட்ட அழிச்சிட்டு உள்ள தள்ளிப் போடுய்யா."

இடித்த செங்கல்லையும் அவரே அஸ்திவாரத்துக்கு எடுத்துக்கொண்டார். மனுவை நான் கொடுக்கவில்லை.

சுவர் இடுப்பளவு எழும்பிய அன்று மறுபடி அளந்தேன். நாலே முக்கால் அடி. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்: "எவ்ளோடா வுட்டுருக்கான்?"

"அஞ்சடி" என்றேன்.