சொம்பில் வந்த மழை

வியாழக்கிழமை காலை ஒரு பெண் பித்தளைச் சொம்போடு எங்கள் ஆபீசுக்கு வந்தார். சொம்பின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"என்னம்மா அது?"

"மழைங்க" என்றார்.

என்ன பதில் சொல்வீர்கள்? நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

பென்னாகரத்தில் மழை அளப்பவன் நான். ஆபீசுக்குப் பின்புறம் மழைமானி இருக்கிறது; அதற்குள் மழைநீர் சேரும் ஒரு குப்பி. தினமும் காலையில் அதைத் திறந்து, தண்ணீர் இருந்தால் அளந்து, தர்மபுரிக்கு போன் செய்ய வேண்டும். மறுநாள் பேப்பரில் மழை பெய்த ஊர்கள் என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் வருமே... அதில் எங்கள் ஊர் பெயர் வருவதும் வராததும் அந்தக் குப்பியின் கையில்.

வந்தவர் பெயர் முனியம்மா. எங்கள் தாலுகாவிலேயே பாப்பாரப்பட்டி பக்கம் கொஞ்சம் மானாவாரிக் காடு. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியதில் கணவர் மாதையன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். இன்றைக்கு ஓரிடம், நாளைக்கு ஓரிடம். கடுதாசி போட விலாசம் கிடையாது.

"பேப்பர்ல பென்னாகரம்னு வந்தா அன்னிக்கே பஸ் ஏறிடறேன்னு சொல்லிட்டுப் போனாருங்க. படிக்கத் தெரியாது. டீக்கடையில யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேப்பாரு."

திங்கட்கிழமை சாயங்காலம் அவர்கள் காட்டில் நல்ல உழவு மழை. இங்கே? தூசி அடங்கக்கூட ஒரு தூறல் இல்லை. எங்கள் மாவட்டத்து மழையின் குணமே இதுதான் — ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊற்றும், இந்தப் பக்கம் வெயில் காயும். சர்க்காருக்கோ குப்பிக்குள் விழுந்தால்தான் மழை. நான் 'இல்லை' என்று போன் செய்தேன். பேப்பரில் பெயர் வரவில்லை. முனியம்மா மட்டும் பெங்களூர் பஸ் வரும் நேரத்துக்கெல்லாம் போய் நின்றிருக்கிறார்.

"வாசல்ல குண்டான் வெச்சுப் புடிச்சதுங்க. ஒரு சொட்டு கெணத்துத் தண்ணி கலக்கல. இதை உங்க டப்பாவுல ஊத்திக்கங்க."

"அப்படி ஊத்தக்கூடாதும்மா. பொய் ஆயிடும்."

"பொய் இல்லீங்களே. நெசமா பேஞ்ச மழைங்களே."

சட்டம் பேச எனக்கு நன்றாக வரும். அன்றைக்குப் பேச்சை மாற்றினேன்.

"ஈரம் காயறதுக்குள்ள ஏர் பூட்டணும்னு அவசரமா?"

சொம்பின் கட்டை இன்னும் இறுக்கினார். "ஏர் கெடக்குதுங்க. பக்கத்துக் காட்டுக்காரரைக் கேட்டா உழுது குடுப்பாரு. எங்க வூட்டுக்காரரு மூஞ்சியப் பாத்து ஒரு வருசம் ஆச்சுங்க."

நான் ஊற்றவில்லை. அன்றைக்கும் 'இல்லை' என்றுதான் போன் செய்தேன். திருப்பிக் கொடுத்தும் அவர் சொம்பை வாங்கவில்லை. "மனசு மாறுனா ஊத்திக்கங்க" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். கட்டு அவிழாமல் என் மேஜை மேல் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, குப்பியைத் திறக்கும் முன் சாமி கும்பிட்டுக்கொள்கிறேன்.

பட்டியல்தான் குப்பியின் கையில். வாராவாரம் பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தி என் கையில் அல்லவா? ஞாயிறு பேப்பரும் அதே டீக்கடைக்குத்தான் போகிறது. பெங்களூரில் இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து கொஞ்சம் உரக்கப் படியுங்கள்.

மாதையன், உங்கள் காட்டில் மழை பெய்துவிட்டது. பஸ் ஏறுங்கள்.