எரோல் பான்ஃபீல்டின் வண்டி நிற்கும் இடங்கள்

இல்லை, எரோலுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. நாம் சொல்வது அவனுக்கு நன்றாகவே கேட்கும். கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வண்டியை ஓரம் கட்டுவான். அதுதான் வயிற்றெரிச்சல்.

எரோல் எனக்குச் சம்பந்தி. என் மகள் கார்லியை அவன் மகன் ஜாரட் கட்டியிருக்கிறான். அவர்களுக்குப் பிறந்த வின்னிக்கு இப்போது மூன்று வாரம். நான் அதிகம் படித்தவன் இல்லை, வாழ்நாள் முழுக்க எங்கள் ஊர் முரிண்டாவுக்கு வெளியே ஒரு சிப்பிக் கொட்டகையில் சிப்பி திறந்தவன். காய்த்துப்போன இந்தக் கைக்குள் அவள் பாதம் இரண்டும் அடங்கிவிடுகின்றன. கொட்டாவி விட்டால்கூட ஊரைக் கூப்பிட்டுக் காட்டலாம் போல இருக்கிறது. சரி, அவளைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். எரோலைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

அவன் முதலில் பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பால் தொழிற்சாலையை மூடியதும், பள்ளிக்கூடம் கழித்துவிட்ட பழைய சிறு பஸ் ஒன்றை வாங்கி, பக்கவாட்டில் திமிங்கிலம் வரைந்து, ஒருநாள் சுற்றுலா ஆரம்பித்தான். காலையில் முரிண்டாவில் கிளம்பி, ஊதுபாறை, சிப்பிச் சாப்பாடு, கன்னட் முனையில் திமிங்கிலம், கலங்கரை விளக்கம் எல்லாம் காட்டிவிட்டு, சாயங்காலம் பெல்வாராவில் இறக்கிவிடுவான். நேராகப் போனால் ஒரு மணி நேரப் பாதை. எரோலுக்கு ஒரு பகல் வேண்டும். அவன் நேராகப் போனதே கிடையாது. பால் லாரி ஓட்டிய காலத்திலும் அப்படித்தான், சில நாள் பால் திரிந்தே போய்ச் சேருமாம்.

அவன் மனைவி வான்னி பல வருஷம் வண்டி நிறுத்துமிடங்களில் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டாள். இப்போது அவளோடு இருப்பவர் தூரத்து லாரி ஓட்டுபவர், பெட்ரோல் போட மட்டும்தான் நிற்பார் என்று கேள்வி. நல்லது.

எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டு ஆட்களை எரோல்தான் வண்டியில் கொண்டுவந்தான். தேவாலயத்தில் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம், பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இவன் ஊதுபாறையில் நிறுத்தியிருக்கிறான். அலை அடித்து, பாறை ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே பீய்ச்சுவதைப் பார்க்காமல் யாரும் அந்த வழியாகப் போகக் கூடாதாம். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேருக்குத் தலை ஈரம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். திமிங்கில விஷயத்தில்தான் அவன் ஆளே வேறு. வண்டியில் வந்த ஒவ்வொருவரும் திமிங்கிலம் பார்க்காமல் கன்னட் முனையை விட்டுக் கிளம்ப மாட்டான். கிளம்பும்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பான், பார்த்தீர்களா என்று. ஒருவர் இல்லை என்றாலும் எல்லாரும் திரும்பக் கடலோரக் கம்பி வேலிக்குப் போக வேண்டியதுதான். பனியோ மழையோ வந்து பார்க்கவே முடியாமல் போனால், அடுத்த முறை இலவசம்.

அக்டோபரில் அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும் கார்லி பெல்வாரா ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வலி வந்துவிட்டது. ஜாரட் மேற்கே சுரங்கத்தில் இருக்கிறான், நாட்டின் அந்தக் கோடி. அவன் விமானம் பிடித்து வர மறுநாள் ஆகும். பக்கத்து வீட்டுப் பெண் கார்லியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். கார்லியின் அம்மா, அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இருப்பது நான்தான்.

"நான் ஒத்தையா இருக்க மாட்டேன்ப்பா," என்றாள். "நீ வந்துடு."

வருகிறேன் என்றுவிட்டேன். எதில் வருவது? என் வண்டி முந்தின வாரம் வாம்பட் என்ற குண்டுக் காட்டுப் பிராணி ஒன்றின் மேல் ஏறி மூக்கு நசுங்கிப் பட்டறையில் கிடக்கிறது. ஊரில் இருக்கும் ஒரே டாக்சி சிட்னிக்குப் போயிருந்தது. அப்போதுதான் எரோல் என் வாசலில் ஹாரன் அடித்தான். அவனுக்கும் தகவல் போயிருந்தது.

"ஏறு சம்பந்தி. நானும் பெல்வாராதானே போறேன்."

வண்டியில் ஆட்கள் இருக்கிறார்களே என்றேன். உள்நாட்டில் கோதுமை விளையும் ஊர் ஒன்றிலிருந்து வந்த புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் கிளப்காரர்கள். எல்லாரும் வயதானவர்கள். போன வருஷம் பனியில் ஒன்றும் தெரியாமல் திரும்பிப் போனவர்கள், இது அவர்களுடைய இலவச முறை. அவர்களிடம் விஷயத்தைச் சொல்லி நேராகப் போகலாமே என்று கேட்டேன். எரோல் எஞ்சினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான், ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப் போல.

"அவங்க வீட்டுக் கவலையெல்லாம் மறக்கத்தான் இவ்ளோ தூரம் வர்றாங்க. நம்ம வீட்டுக் கவலையை அவங்க மடியில எறக்கக் கூடாது. சொல்ல மாட்டேன்னு சொல்லு, ஏத்திக்கறேன்."

தலைச்சன் பிள்ளை, சாயங்காலம் வரை இழுக்கும், நேரத்துக்குப் போய்விடலாம் என்றும் சொன்னான். எனக்கு வேறு வழி இல்லை. சொல்ல மாட்டேன் என்றேன்.

வண்டியில் இடமும் இல்லை. முன்னால் உதவியாளர் இருக்கை மட்டும் காலி. அதில் உட்காருகிறவர் கம்பெனிச் சட்டை போட்டிருக்க வேண்டும், இன்சூரன்ஸ் விதி என்றான். கம்பெனி என்பது எரோல் ஒருத்தன்தான். எப்போதோ வேலை பார்த்த பையனின் சட்டையை எடுத்துக் கொடுத்தான். என் வயிற்றின் குறுக்கே ஒரு திமிங்கில வால் இறுக்கிப் பிடித்தது. அத்தோடு விட்டானா? இன்றைக்கு உங்களுக்கு இரண்டு வழிகாட்டிகள் என்று மைக்கில் அறிவித்துவிட்டான். பின்னாலிருந்து கைதட்டினார்கள்.

ஊதுபாறையில் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. ஒரு சொட்டு மேலே வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள், அலை வரும் என்று எரோல் நின்றான். நான் மடக்கு மேஜையை விரித்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி, லாமிங்டன் கேக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள், பாறையில் ஓட்டை எப்படி விழுந்தது என்று கேட்டாள். கடல் போட்டது என்றேன். இன்னொருவர் எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்றார். ரொம்ப வருஷம் என்றேன். நல்ல வழிகாட்டி, வளவளவென்று பேசுவதில்லை என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

சிப்பிச் சாப்பாட்டுக்கு நான் வேலை பார்த்த கொட்டகைக்கே கூட்டிப்போனான். பழைய கூட்டாளிகள் என் சட்டையைப் பார்த்துச் சிரித்ததைச் சொல்ல வேண்டியதில்லை. மனசு பெல்வாராவில் இருக்க, கை மட்டும் கத்தியைப் பிடித்து, அவர்களுக்குத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது. வண்டியில் ஏறும்போது எரோலின் காதருகே போய், இது உன் பேரப்பிள்ளையும்தானடா என்றேன். தெரியும் என்றான். தெரிந்தும் எல்லாரும் கை கழுவிவிட்டு வரும்வரை நின்றான்.

கன்னட் முனையில் காற்று மட்டும் இருந்தது. கடலில் ஒன்றும் இல்லை. எரோல் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு கம்பி வேலியில் சாய்ந்துவிட்டான். குட்டி போட்ட தாய்கள் தெற்கே திரும்பும் காலம், கரையோரமாகத்தான் போகும், வந்துவிடும் என்றான். குளிருகிறது, போகலாமே என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். எரோல் வண்டியிலிருந்து கம்பளிகளை எடுத்துவந்து எல்லாருக்கும் போர்த்திவிட்டான்.

அந்த முனையில் கழிவறைக்குப் பின்னால் மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். போய் நின்றேன். கார்லியிடமிருந்து வரிசையாகச் செய்திகள் வந்து விழுந்தன. கடைசியில் வந்தது, "அப்பா எங்க இருக்க?"

திரும்பி வந்து டீ ஊற்றினேன். பாதி வெளியே போயிற்று. கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தவள் கிளப்பின் தலைவி குவெண்டா. நெட்டையான அம்மாள், பேச்சில் ஒரு கண்டிப்பு.

"உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?"

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் மகளுக்கும் வாக்குக் கொடுத்திருந்தேனே, அதுதானே முதலில் கொடுத்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குவெண்டா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இதைக் காலையிலேயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லக் கூடாதுன்னுட்டான்ங்க."

"இப்ப நாங்க போகலாம்னா வருவாரா?"

"அஞ்சு நிமிஷம்னு சொல்லுவான். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு முடிவே கிடையாது. போன வருஷம் நீங்க ஒண்ணும் பார்க்காம போனதை அவன் இன்னும் சொல்லிட்டு இருக்கான்."

குவெண்டா எரோலின் முதுகைப் பார்த்தாள். பிறகு வேலி ஓரமாக மெல்ல நடந்து, ஒவ்வொருவர் காதிலும் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். கோடியில் போய் நின்று கடலைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அதோ."

"எங்க?" எரோல் தொலைநோக்கியைத் திருப்பினான்.

"அடடா, முங்கிடுச்சு. நல்லாப் பார்த்தேன்."

நானும் பார்த்தேன் என்றாள் இன்னொருத்தி. இரண்டு என்றார் ஒருவர். குட்டியோடு மூன்று என்றார் அவர் மனைவி. ஒரு கை தூரத்தில் தெரிந்த தீவுப் பக்கம் நீண்டது, ஒரு கை துறைமுகப் பக்கம். கிளாரி என்ற கிழவர், கண்ணாடியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தவர், அவர்தான் எல்லாரையும்விட உறுதியாக இருந்தார்.

"வடக்கால போச்சு. நல்ல வேகம்."

"வடக்கயா?" என்றான் எரோல். "இந்த மாசத்துல எல்லாம் தெற்கதானே போகும்."

"எதையாச்சும் மறந்துட்டு வந்திருக்கும். என் வீட்டுக்காரி தெனமும் அப்படித்தான் பாதி வழியில திரும்புவா."

எரோல் தொலைநோக்கியை இறக்கினான். வழக்கம்போல ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தான். பார்த்தேன், பார்த்தேன் என்றார்கள், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டது போல. கடைசியில் என்னிடம் வந்தான்.

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எவ்ளோ பெருசு?"

"பெருசுதான்."

மேஜையை மடக்கினான். அன்றைக்குக் கலங்கரை விளக்கத்துக்குத் திரும்பும் சாலை வந்தது, போயிற்று, எரோல் பிரேக்கைத் தொடவில்லை. அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததே கிடையாது. பின்னால் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பெல்வாரா எல்லை வந்ததும் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தான்.

"கடல்ல ஒண்ணுமே இல்ல சம்பந்தி."

"தெரியும்."

"குவெண்டாம்மா பொய் சொல்லுவாங்கன்னு நான் நெனச்சே பார்க்கல," என்றான். அவனுக்கு அதுதான் கவலை. எனக்கு அவன் கழுத்தைப் பிடிக்கலாமா என்று இருந்தது, வண்டி ஓட்டுகிறானே என்று விட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் நிறுத்துவதற்குள் குதித்துவிட்டேன். முன் மேஜைப் பெண் என் சட்டையையும் வெளியே நின்ற பஸ்ஸையும் பார்த்துவிட்டு, இங்கே சுற்றுலாக் குழுவுக்கெல்லாம் அனுமதி இல்லை என்றாள். பெயரைச் சொல்லி, நான்தான் அப்பா என்று சொல்லிப் புரியவைத்தேன்.

கார்லி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியது. அந்த வலியிலும் என் வயிற்றைப் பார்த்தாள்.

"என்னப்பா இது கோலம்?"

அப்புறம் சொல்கிறேன் என்றேன். வெயில் இறங்கும்வரை அந்தக் கையை அவள் விடவில்லை. பிறகு வின்னி வந்துவிட்டாள். சிவப்பாக, கோபமாக, எரோலின் பான்ஃபீல்ட் வம்சத்தில் பிறந்தும் இரண்டு வாரம் முன்னதாக.

எரோல் பந்து கிளப்காரர்களைத் தங்குமிடத்தில் இறக்கிவிட்டு வந்து, வண்டி நிறுத்துமிடத்தில் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தானாம். நான் போய் மேலே வா என்று கூப்பிட்டேன். வந்தான், கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தான், நர்ஸிடம் நன்றி சொன்னான், போய்விட்டான். உள்ளே வரவில்லை. நாள் முழுக்க மைக்கில் பேசிய மனுஷன், பேத்திக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜாரட் மறுநாள் வந்து சேர்ந்ததும் அப்பா எங்கே என்று கேட்டான். முரிண்டாவுக்குப் போய்விட்டான் என்றேன்.

அன்றிலிருந்து நான் பெல்வாராவில் கார்லி வீட்டில்தான் இருக்கிறேன். எரோல் தினமும் காலையில், சுற்றுலா கிளம்புவதற்கு முன்னால், அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வருகிறான். ஒரு நாள் மீன், ஒரு நாள் எலுமிச்சம்பழம். சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறான், போகிறான். மூன்று வாரமாக ஒரு தடவைகூட அவளைத் தூக்கவில்லை. கார்லிக்கு இது மனசில் இருக்கிறது. பெண் குழந்தை என்று வருத்தமோ என்றுகூட ஒரு நாள் என்னிடம் கேட்டுவிட்டாள்.

இன்று காலையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. கை மரத்துப் போச்சு, பிடி என்று வின்னியை அவன் முன்னால் நீட்டினேன். எரோல் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, முழங்கை வரை தேய்த்துக் கழுவினான். துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் கையை ஏந்தினான். விரல்களை அகட்டிப் பார்த்தான், சேர்த்துப் பார்த்தான், அவள் நழுவிவிடுவாளோ என்று பயந்தவனைப் போல. கார்லி மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எரோல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"கொஞ்சம் இரு சம்பந்தி," என்றான். "இன்னொரு தடவை கழுவிட்டு வந்துடறேன்."