மூச்சு விட இடமில்லாத பாட்டோடு சிதம்பரம் போனோம்

போன ஜனவரி, பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. என் அக்கா மகள் ரோஸ்லின் எழுதிய பாட்டைச் சிதம்பரத்தில் ஐந்து பேர் ஊதப்போகிறார்கள் என்று மஞ்சக்குப்பத்தில் இருந்து வேன் வைத்துக்கொண்டு போனோம். கடலூரில் இருந்து சிதம்பரம் போக நினைக்கிறவர்களுக்கு வழி, நேரம், செலவு எல்லாம் சொல்கிறேன். நடுவில் எங்கள் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்லின் ஹார்ப் வாசிக்கிறவள். பைபிள் படங்களில் தாவீது ராஜா மடியில் வைத்திருப்பாரே, அதன் பெரிய உருவம். நாற்பத்தேழு கம்பி, அவளைவிட உயரம். எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவள், சென்னைக்குப் படிக்கப் போன இடத்தில் ஒரு ஹோட்டலில் அதைப் பார்த்துவிட்டு, பிடிவாதமாகக் கற்றுக்கொண்டாள். கல்யாண வரவேற்பு, சினிமா ரெக்கார்டிங் என்று பதினான்கு வருஷப் பிழைப்பு அதில்தான். பிறகு சொந்தமாக எழுத ஆரம்பித்தாள். எதை எழுதினாலும் நடுவில் ஹார்ப் இருக்கும். "கம்பியை விட்டால் அவளுக்கு என்ன தெரியும்" என்று கூடத் தொழில் செய்கிறவர்கள் பேசியது அவள் காதுக்கும் வந்தது. அதனால்தான் ஹார்ப்பே இல்லாமல் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன், ஹார்ன் என்று ஐந்து ஊதுகிற கருவிகளுக்கு இதை எழுதினாள். மொத்தம் நான்கு பகுதி.

முதல் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் ஒத்திகை. ஜாங்கிரி மாதிரி சுருண்ட பித்தளைக் குழல்தான் ஹார்ன். அதை ஊதுகிற பிரகாஷ் மூன்றாம் பகுதியில் பாதியிலேயே நிறுத்திவிட்டார். முகமெல்லாம் சிவப்பு.

"ரோஸ்லின், இதுல நான் எங்கம்மா மூச்சு உடறது?"

ஹார்ப் கம்பியை ஒருதரம் மீட்டிவிட்டால் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பழக்கத்தில் நீள நீளமாக எழுதிவிட்டாள். பிரகாஷ் தன் தாளில் மூச்சு விடும் இடங்களுக்குப் பென்சிலில் குறி போட்டுக்கொண்டு மறுபடி ஊதினார். ஒவ்வொரு குறியிலும் பாட்டில் ஓட்டை விழுந்தது. ஒன்றும் தெரியாத எனக்கே கேட்டது.

"நாளைக்கி மூணு மணிக்கு மேடையில ஒருவாட்டி பாப்போம். வரலன்னா மூணாவத உட்டுட்டு மத்தத ஊதிடலாம்" என்றார்.

கெட்ட மனுஷர் இல்லை, நியாயமாகத்தான் சொன்னார். ஆனால் அதை விட்டால் கூடத் தொழில் செய்கிறவர்கள் பேசியது நிஜமாகிவிடும். அன்றைக்கு ரோஸ்லின் சாப்பிடவில்லை. எனக்குக் கவலை இல்லை. மாதாவிடம் சொல்லியாகிவிட்டது.

காலை 10.40க்குக் கிளம்பினோம். பன்னிரண்டு பேர் உட்காரும் வேன், ஊதுகிற ஐந்து பேரும் அதிலேயே; போக வர 4,200 ரூபாய். தூரம் 45 கிலோமீட்டர்தான். ஓட்டியவர் முதுநகர் முருகையன். கெடிலம் பாலம், முதுநகர் எல்லாம் தாண்டியதும் ஜெபமாலையை எடுத்தேன். ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதி நான், மறுபாதி ரோஸ்லின். நான் முடிப்பதற்குள் அவள் எடுத்துவிடுவாள், அவள் முடிப்பதற்குள் நான். "ஒருத்தர் முடிக்கும்வரை காத்திருங்கம்மா" என்று பங்குச் சாமியார் எத்தனை தடவை திட்டியும் எங்கள் தெருப் பெண்கள் விடாத கெட்ட பழக்கம் இது.

"யம்மா, நடுவுல மூச்சு கீச்சு உடுவீங்களா?" என்றார் முருகையன்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு. நான் உடும்போது அவ சொல்லிக்கிட்டு இருப்பா, அவ உடும்போது நான் சொல்லிக்கிட்டு இருப்பேன்."

மூன்றாவது தேவரகசியத்தில், அதாவது மூன்றாவது பத்து மணியில், மறுபாதி வரவில்லை.

"ஏண்டி, பதில் எங்க?"

"சித்தி, செத்த இரு. பிரகாஷ், பென்சில் குடுங்க!"

புதுச்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினோம், 11.25 முதல் 11.55 வரை. ரோஸ்லின் டீயைத் தொடவில்லை. மடியில் வைத்து ஐந்து தாளிலும் திருத்தினாள். ஹார்ன் மூச்சு தீர்வதற்கு முன்னாலேயே அதே சுரத்தைப் பஸூன் எடுத்துக்கொள்ளும். அது தீர்வதற்குள் ஹார்ன் திரும்பி வரும்.

"அப்ப நான் உடற எடம் வெளிய தெரியாது?" என்றார் பிரகாஷ்.

"எங்க தெருவுல யாருக்கும் தெரிஞ்சதில்ல" என்றேன்.

"இந்தப் பொண்ணு நேரத்துக்கு வந்துட்டா சரி" என்று பக்கத்தில் நின்றவளைக் காட்டினார் அவர்.

"நான் வந்துருவேன் சார். நீங்க இழுக்காம முடிங்க" என்றாள் பஸூன் ஊதுகிற பெண்.

12.35க்குச் சிதம்பரம். நடராஜர் கோயிலை மத்தியானம் சாத்திவிடுவார்கள், சாயங்காலம்தான் திறப்பார்கள். எங்கள் குழுவில் நான்கு பேர் வெயிலில் போய்ச் சாத்திய கதவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நீங்கள் காலையிலேயே போய்விடுங்கள். சாப்பாடு 130 ரூபாய், ரசம் நன்றாக இருந்தது.

மூன்று மணிக்குக் கச்சேரி மண்டபத்து மேடையில் ஒத்திகை. முதல் தடவை பஸூன் ஒரு நொடி தாமதம், ஓட்டை விழுந்தது. ரோஸ்லின் சேலை முந்தானையைக் கசக்கிக்கொண்டே, "அவர் முடிக்கட்டும்னு மரியாத பாக்காத. உள்ள பூந்துடு" என்றாள். இரண்டாவது தடவை ஓட்டையைத் தேடினேன், காணவில்லை. பிரகாஷ் ரப்பர் எடுத்து நேற்றுப் போட்ட குறிகளை எல்லாம் அழித்தார்.

ஆறு மணிக்கு நான்கு பகுதியும் ஊதினார்கள். மூன்றாம் பகுதியில் ஓட்டை ஒன்றுகூட விழவில்லை. இறங்கி வந்த பிரகாஷ், "அடுத்ததுல எனக்கு இன்னும் நீளமாவே எழுது" என்றார். ரோஸ்லின் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

போகிறவர்களுக்கு: டீ நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். ஊதுகிற கச்சேரி என்றால் முன் வரிசையில் உட்காருங்கள், மூச்சு இழுப்பது தெரிகிறதா என்று பார்க்கலாம். பாதியில் நின்ற ஜெபமாலையைத் திரும்பும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் ஆரம்பித்து, வீட்டு வாசலுக்கு முன்பே முடித்துவிட்டோம்.

பங்குச் சாமியாரும் இந்தப் பக்கத்தைப் படிப்பார். சாமி, இனிமேல் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறோம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்.