ஐந்தரை மணி அலாரம்

என் கணவர் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டைக் கல்யாணத்துக்காகப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அளவெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து காரைக்குடி வீட்டுக்குத் திரும்பிய அன்றே, நான் ஒரு சார்ட் தாளில் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். நான் கணக்கு டீச்சர். மணியடித்தால் வகுப்பு மாறும் என்பதை நம்பியே வாழ்ந்தவள். ஐந்தரைக்கு எழுவது, ஐந்தே முக்காலுக்குக் கைப்பயிற்சி, பதினொன்றுக்குப் பந்து அழுத்துவது, மாலை ஆறு மணிக்கு நடை. ஒவ்வொன்றுக்கும் அவர் போனில் அலாரம் வைத்தேன். செய்து முடித்தால் சிவப்பு மையில் ஒரு டிக்.

மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது. கட்டைவிரல்கூட லேசாக அசைந்தது. பிறகு காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்துவிட்டார். ஐந்தாம் நாள் அலாரம் அடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எந்திரிங்க. நாலு நாள் போச்சு. இன்னைக்கு ரெண்டு மடங்கு செய்யணும்” என்றேன்.

“முடியலடி.”

“முடியலைன்னா? இப்படியே படுத்துக் கெடக்கப் போறீகளா?”

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். அன்றோடு எல்லாம் குலைந்தது. ஐந்தரைக்கு எழாத நாளில் பதினொன்றுக்கும் செய்யமாட்டார். பதினொன்று தவறினால் மாலையும் போயிற்று. ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் அந்த நாளே வீண் என்று இருவருமே நினைத்தோம். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படியே நான்கு மாதம் ஓடிவிட்டது.

கடைசியில், திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணை ஏற்பாடு செய்தேன். அவள் அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

“டீச்சர், இது நல்லா இருக்கிறவுகளுக்கே கஷ்டம். மணி பாக்காதீக. காபி குடிச்சதும் அஞ்சு தடவை விரலை விரிக்கச் சொல்லுங்க. முடியாத அன்னைக்கு ஒரு தடவை போதும். அது விட்டுப்போனா, சாப்பிட்டப்புறம் செய்யலாம்ல.”

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஒரு தடவை செஞ்சாலும் கணக்குல வருமாம்மா?”

“வரும் சார்.”

அவர் அழுதார். நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

அட்டவணையை அன்றே கிழித்தேன். அதன்பின் காபி குடித்ததும், குளித்ததும், டிவியில் விளம்பரம் வரும்போதும் என்று சில நாள் நான்கு முறை, சில நாள் ஒரே முறை செய்தார். விட்டுப்போனதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை நடக்கிறார். கைதான் வரவில்லை.

ஒருநாள் வாசலில் வைத்து அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: “ஆரம்பத்துலயே இப்படிச் செஞ்சிருந்தா?”

அவள் செருப்பை மாட்டியபடி தயங்கினாள். “அந்த முதல் மாசங்கள்லதான் கை நல்லாத் திரும்பும் டீச்சர். கூடக் கொஞ்சம் வந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது.”

அவரிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை.

போன வாரம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, அவர் தன் பென்சில்களையும் ஸ்கேல்களையும் இடது கையால் ஒரு பைக்குள் போட்டு வைத்திருந்தார்.

“படிக்கிற பிள்ளைக யாருக்காச்சும் குடுத்துரு.”

வாங்கி, அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் மாலை கேட்டார்: “குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன்” என்றேன்.