மூன்று சிவப்புக் குச்சிகள்

நம்புங்கள் என்று கேட்கமாட்டேன். முப்பது வருடம் பத்திரிகையில் செய்தி எழுதியவள் நான். இதையும் நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

போன செப்டம்பர். ஆஸ்திரேலியாவில், பெண்டிகோ ஊருக்கு வடக்கே, இரும்புப்பட்டை மரக்காடு. பழைய தங்கக் குழிகளும், அவற்றிலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடுகளும் நிறைந்த சரிவு. நானும், எங்கள் காட்டுப்பூச் சங்கத்துத் தோழி டோரீனும் ஆறாவது நாளாகச் சிலந்தி ஆர்க்கிட் பூச்செடிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். நூறு செடி இருந்தால் சரிவைக் காப்பாற்றுவதாக அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். குறைந்தால் அது புதிய சுரங்கத்துக்குப் போய்விடும். அன்று கடைசி நாள். அடையாளத்துக்குச் செடிக்கு ஒரு மஞ்சள் துணிக்கொடி என்று தொண்ணூற்றேழு நட்டாயிற்று.

"போதும்டி, முட்டி கழண்டுடுச்சு. மிச்ச மூணு பூவையும் நீயே வரைஞ்சு வெச்சுக்கோ," என்றாள் டோரீன்.

"நீ எண்ணினதுல பாதி வெறும் புல்லு. போய் டீ ஊத்தி வை, வர்றேன்."

அவள் காரை நோக்கி நொண்டிக்கொண்டே போனாள்.

மாலை 4.10.

டக்... டக்... டக்...

மண்மேட்டுக்குப் பின்னால் யாரோ குச்சி அடிக்கும் சத்தம். டோரீன்தான் மனம் கேட்காமல் சுற்றி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். போனேன். ஒரு செடி. பக்கத்தில் மரக்குச்சி, நுனியில் சிவப்புப் பெயின்ட். கொடி தீர்ந்து எதையோ நட்டிருக்கிறாள்... அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை. குச்சியைப் பிடுங்கிப் பையில் போட்டுக் கொடியை நட்டேன்.

டக்... டக்... டக்...

4.14. இன்னொரு செடி. இன்னொரு குச்சி. விரலில் சிவப்பு ஒட்டியது. பெயின்ட் காயவில்லை.

"டோரீன்!"

"என்னடி? டீ ஆறுது!"

குரல் முதுகுக்குப் பின்னால். வெகு தூரத்தில். காரிலிருந்து.

எனக்கு முன்னால்...

டக்.

மூன்றாவது குச்சி. பூவும் இருந்தது. கொடி நடக் குனிந்தேன்.

குச்சிக்கு அந்தப் பக்கம் தரை இல்லை.

உதிர்ந்த மரப்பட்டை மூடிய குழி. பட்டை சரிந்து உள்ளே போனது... விழுந்த சத்தம் கேட்கவேயில்லை.

அந்தக் குச்சி இல்லையென்றால் இன்னும் ஓர் எட்டு வைத்திருப்பேன். முதல் இரண்டும் இல்லையென்றால் அங்கே வந்தே இருக்கமாட்டேன்.

நூறு செடிக் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். சரிவு பிழைத்தது. குழியை மூட வந்தவர்கள் உள்ளே கேமரா இறக்கினார்கள். அடியில் எலும்புகள். லெஸ் டன்ஸ்டன். 1981இல் இதே பூக்களை எண்ணப் போய்த் திரும்பாத எங்கள் சங்கத்துக்காரர். அந்தக் காலத்தில் கொடி கிடையாது. சிவப்பு நுனிக் குச்சிகள்தான், கட்டுக்கு இருபத்தைந்து.

"கையில ஒரு கட்டு இருந்துச்சு. கயிறு அவிழவே இல்ல. ஆனா எண்ணிப் பார்த்தா இருபத்திரண்டுதான்," என்றார் போலீஸ்காரர்.

மற்ற மூன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

பெயின்ட் இன்னும் காயவில்லை.